ஒரே சர்வர், நாப்பது ஆப்: லாக் ஃபைல் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சர்வர்ல நாப்பது சொச்சம் வெப் ஆப் ஓடுது. எல்லாம் வேற வேற ஆளுங்களோடது, பிஎச்பி இருக்கு, பைத்தான் இருக்கு, நோட் இருக்கு, ஆனா டிஸ்க் ஒண்ணுதான். அந்த சர்வரைப் பாத்துக்கிற ஆள் நான். லாக், அதாவது ஆப் ஓடும்போது நடக்கிறதை வரிவரியா எழுதி வைக்கிற ஃபைல், அது சம்பந்தமா வாரத்துக்கு ரெண்டு பேராவது அதே கேள்வியைக் கேக்குறாங்க, நானும் அதே பதிலை சாட்ல அடிச்சு அடிச்சு சலிச்சுப்போச்சு, அதனால மொத்தமா இங்க எழுதி வெச்சுடறேன். இனிமே கேட்டா லிங்க் மட்டும்தான் வரும், கோச்சுக்காதீங்க.

என் ஆப் ரொம்ப சின்னது. நான் எதுக்கு லாக்கைப் பத்தி யோசிக்கணும்?

சின்னதுன்னா எவ்வளவு சின்னது? செகண்டுக்கு 10 ரிக்வெஸ்ட் வருதுன்னு வெச்சுக்கோங்க. வழக்கமான எக்சஸ் லாக்ல (யார் எந்தப் பேஜைக் கேட்டாங்கன்னு வெப் சர்வர் எழுதுறது) ஒரு வரி சுமாரா 250 பைட். ஒரு நாளைக்கு 86,400 செகண்ட், அப்ப 8,64,000 வரி, மொத்தம் 216 எம்பி. மாசத்துக்கு ஆறரை ஜிபி கிட்ட வந்துடும். இது வெறும் எக்சஸ் லாக் மட்டும். ஆப் தன் பங்குக்கு ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் நாலஞ்சு வரி எழுதி, அதுல ஒண்ணு எஸ்கியூஎல் க்வெரியா (டேட்டாபேஸ் கிட்ட கேக்குற கேள்வி) இருந்தா, கணக்கை நீங்களே போட்டுக்கோங்க.

உங்க சொந்த சர்வரா இருந்தா அது உங்க பாடு. இங்க டிஸ்க் பொது. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்லுவாங்கல்ல, இங்க போடுறது ஆத்துல கூட இல்ல, பக்கத்து வீட்டுக்காரரும் தண்ணி எடுக்கிற தொட்டியில.

டிஸ்க் ஃபுல் ஆனா நிஜமா என்ன ஆகும்? லாக் எழுதாது, அவ்வளவுதானே?

அவ்வளவுதான்னா நான் இதை எழுதிட்டு இருக்கவே மாட்டேன்.

ஒரு தடவை ஒருத்தர், பேமென்ட் முடிஞ்ச தகவல் தன்னோட ஆப்புக்கு ஏன் வந்து சேரலைன்னு பாக்க டீபக் லாக்கை (தப்பு தேடுறதுக்காக எல்லாத்தையும் விவரமா எழுதுறது) ஆன் பண்ணார். ரெண்டு நாள்ல தப்பைக் கண்டுபிடிச்சார், கண்டுபிடிச்ச சந்தோஷத்துல ஆஃப் பண்ண மறந்துட்டார். பதினோராவது நாள் சம்பந்தமே இல்லாத இன்னொருத்தரோட சைட்ல யாருமே லாகின் பண்ண முடியல. பாஸ்வேர்ட் சரியா போட்டாலும் திரும்ப லாகின் பேஜுக்கே வந்து நிக்குது. பாவம் அந்த மனுஷன் மூணு மணி நேரம் தன்னோட கோடையே தோண்டிட்டு இருந்தார். விஷயம் என்னன்னா, யார் லாகின் பண்ணியிருக்காங்கன்னு பிஎச்பி குறிச்சு வைக்கிற செஷன் ஃபைலை எழுத இடம் இல்ல. எரர் மெசேஜ் லாக்ல இருக்குமேன்னு பாத்தா, அதை எழுதவும் இடம் இல்ல. அன்னிக்கு என் போன் அடிச்ச அடி இருக்கே.

டிஸ்க் நிரம்பினா செஷன் போகும், அப்லோட் போகும், டேட்டாபேஸ் எழுத முடியாம அப்படியே நிக்கும், பேக்கப் பாதியில முறியும். இன்னொரு குழப்பம் வேற இருக்கு. லினக்ஸ்ல டிஸ்க்கை நிர்வகிக்கிற ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் வழக்கமா 5 சதவீதத்தை ரூட்டுக்குன்னு (எல்லா அதிகாரமும் இருக்கிற அட்மின் அக்கவுண்ட்) ஒதுக்கி வெச்சுடும், அதனால உங்க ஆப்புக்கு "இடம் இல்ல"ன்னு வரும்போது ரூட்டா லாகின் பண்ணி டெஸ்ட் பண்ற எனக்கு எல்லாம் நல்லாவே எழுதும். "எனக்கு ஒர்க் ஆகுதே"ன்னு நான் சொன்னா நம்பாதீங்க.

டிஎஃப்ல (டிஸ்க்ல எவ்வளவு இடம்னு காட்டுற கமாண்ட்) பாத்தா இன்னும் 30 ஜிபி காலியா இருக்கு, ஆனாலும் இடம் இல்லங்குதே?

ஐநோடு தீர்ந்திருக்கும். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபைல் சிஸ்டம் ஒதுக்குற பதிவுதான் அது, எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. டிஎஃப் கமாண்டுக்கு சின்ன ஐ போட்டுப் பாருங்க. ரிக்வெஸ்டுக்கு ஒரு ஃபைல்னு லாக் எழுதுற ஆப் சிலது இருக்கு, லட்சக்கணக்குல குட்டிக் குட்டி ஃபைல், ஒவ்வொண்ணும் ஒரு ஐநோடைத் தின்னும். தயவுசெஞ்சு அப்படி எழுதாதீங்க.

4 ஜிபி லாக் ஃபைலை ஆர்எம் போட்டு அழிச்சுட்டேன். இடம் திரும்ப வரவே இல்லையே?

இந்தக் கேள்விக்குத்தான் முதல் பரிசு, இதுவரைக்கும் எத்தனை பேர் கேட்டாங்கன்னு கணக்கே இல்ல.

நீங்க அழிச்சது ஃபைலோட பேரை மட்டும்தான். லினக்ஸ்ல ஒரு ப்ராசஸ் (ஓடிட்டு இருக்கிற ப்ரோக்ராம்) ஃபைலைத் திறந்து வெச்சிருக்கிற வரைக்கும் பேர் போனாலும் உள்ள இருக்கிற டேட்டா போகாது. உங்க ஆப் இன்னும் அதைத் திறந்துதான் வெச்சிருக்கு, பேரில்லாத அந்த ஃபைலுக்குள்ள நிம்மதியா எழுதிட்டும் இருக்கு. அதனாலதான் டிஎஃப் ஒரு கணக்கு சொல்லும், டியூ வேற கணக்கு சொல்லும். டியூ பேர் இருக்கிற ஃபைல்களை நடந்து போய் எண்ணுது, டிஎஃப் ஃபைல் சிஸ்டத்தையே கேக்குது. ரெண்டுக்கும் நடுவுல பெரிய வித்தியாசம் இருந்தா யாரோ திறந்திருக்கிற ஃபைலை அழிச்சிருக்காங்கன்னு முதல்ல சந்தேகப்படுங்க. எல்எஸ்ஓஎஃப் கமாண்டுக்கு ப்ளஸ், பெரிய எல், 1 மூணையும் ஒட்டிப் போட்டீங்கன்னா, பேர் போயும் உயிரோட இருக்கிற ஃபைலையெல்லாம் ப்ராசஸ் நம்பரோட காட்டிடும்.

ஆப்பை ரீஸ்டார்ட் பண்ணா இடம் வந்துடும். ரீஸ்டார்ட் பண்ண முடியாத நேரம்னா, ப்ராக் ஃபோல்டர்ல அந்த ப்ராசஸ் நம்பருக்குள்ள எஃப்டின்னு ஒண்ணு இருக்கும், அது வழியா அந்த ஃபைலை ட்ரங்கேட் பண்ணி காலி பண்ணலாம். ஆனா மொதல்லயே அழிக்காம ட்ரங்கேட் பண்ணிருந்தா இந்தச் சுத்து வேலையே இல்ல. ஓடிட்டு இருக்கிற ஆப்போட லாக்கை ஆர்எம் பண்ணாதீங்க, நீளத்தை பூஜ்யம் ஆக்குங்க.

லாக்ரொட்டேட்தான் இருக்கே, அது எல்லாத்தையும் பாத்துக்காதா?

லாக்ரொட்டேட்டோட வேலை லாக்கை சுத்துறது, அதாவது பழசை வேற பேர்ல ஒதுக்கி வெச்சுட்டு புதுசை ஆரம்பிக்கிறது, ரொம்பப் பழசை அழிக்கிறது. ஆனா அதுக்கு எது தெரியுமோ அதை மட்டும் பாத்துக்கும். நீங்க உங்க ஹோம் ஃபோல்டர் உள்ள "நியூ-லாக்-ஃபைனல்"னு ஒரு ஃபைல்ல எழுதினா அதுக்கு எப்படித் தெரியும்? அதோட கான்ஃபிக்ல (செட்டிங் ஃபைல்) அந்த பாத் இருக்கணும்.

அடுத்தது, லாக்ரொட்டேட் சதா உக்காந்து காவல் காக்கிற ப்ரோக்ராம் இல்ல. க்ரானோ டைமரோ (குறிச்ச நேரத்துல ப்ரோக்ராமை ஓட்டி விடறது) எழுப்பினா எழுந்து ஒரு சுத்து வந்துட்டு போயிடும், வழக்கமா நாளைக்கு ஒரு தடவை. நீங்க சைஸ் 100 எம்பின்னு போட்டிருந்தாலும் காலைல சுத்து வந்துட்டு போனதுக்கப்புறம் மத்தியானம் 20 ஜிபி எழுதினீங்கன்னா அதுக்கு மறுநாள்தான் தெரியும். சைஸ் முக்கியம்னா மணிக்கொரு தடவை ஓட விடணும், இங்க அப்படித்தான் வெச்சிருக்கேன். சைஸ், மேக்ஸ்சைஸ் ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுடாதீங்க. சைஸ் போட்டா தினம் வாரம்ங்கிற கணக்கெல்லாம் அடிபட்டுப் போயிடும், அளவு மட்டும்தான் பேசும். மேக்ஸ்சைஸ்னா தினக்கணக்கும் இருக்கும், நடுவுல அளவு மீறினாலும் சுத்தும். பெரும்பாலானவங்களுக்கு வேண்டியது ரெண்டாவதுதான்.

கான்ஃபிக்ல ஃபைல் பேருக்கு நட்சத்திரக்குறி (எந்த எழுத்தும் பொருந்தும்னு அர்த்தம்) போடும்போதும் பாத்துப் போடுங்க. ஒருத்தர் லாக்-ங்கிற வார்த்தைக்கு அப்புறமும் ஒரு நட்சத்திரம் போட்டுட்டார். ஏற்கனவே சுத்தி வெச்ச பழைய ஃபைலும் அதுல மாட்டிக்கிச்சு, அதையும் சுத்தி, அதுக்கும் ஒரு நம்பர் ஒட்டி, மறுநாள் அதை இன்னொரு தடவை சுத்தி, ஒரு மாசத்துல ஃபோல்டர் பூரா 1.1.1.1-னு வால் முளைச்ச ஃபைலா நின்னுச்சு. கான்ஃபிக் எழுதினா சின்ன டி ஆப்ஷனோட ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, எதையும் தொடாம என்ன பண்ணப்போறேன்னு மட்டும் சொல்லும்.

கான்ஃபிக் ஃபைலை குரூப்ல இருக்கிறவங்களும் எழுதலாம்னு பர்மிஷன் குடுத்தாலும் லாக்ரொட்டேட் அதைக் கண்டுக்காம விட்டுடும். "கான்ஃபிக் சரியாத்தானே இருக்கு, ஏன் சுத்தல"ன்னு வர்றவங்கள்ல பாதிப்பேருக்கு இதான் காரணம்.

காப்பிட்ரங்கேட் போடவா, க்ரியேட் போடவா?

ரெண்டும் லாக்ரொட்டேட் ஆப்ஷன், ஒரே வேலையை வேற வேற வழியில பண்றது. க்ரியேட்ல பழைய ஃபைலோட பேரை மாத்திட்டு அதே இடத்துல புது ஃபைல் உருவாக்கும். ஆனா ஆப் கையில இருக்கிறது பழைய ஃபைல்தான், பேர் மாறினது அதுக்குத் தெரியாது, அதனால "ஃபைலை மூடித் திறப்பா"ன்னு ஒரு சிக்னல் குடுக்கணும். எஞ்சின்எக்ஸ்ங்கிற வெப் சர்வருக்கு யூஎஸ்ஆர்1 சிக்னல் அனுப்பினா லாக்கை மட்டும் மறுபடி திறந்துக்கும், ஒரு ரிக்வெஸ்ட் கூட விழாது. இந்த சிக்னலை லாக்ரொட்டேட் கான்ஃபிக்ல போஸ்ட்ரொட்டேட் பகுதியில எழுதணும். எழுத மறந்தா, புது ஃபைல் பூஜ்யம் பைட்ல நிக்கும், பழைய பேர்ல இருக்கிறது வளர்ந்துக்கிட்டே போகும். டிலேகம்ப்ரெஸ்னு ஒரு ஆப்ஷன் பாத்திருப்பீங்க, அது எதுக்குன்னா, சிக்னல் போய் சேர்ற நேரத்துல பழைய ஃபைல்ல இன்னும் ரெண்டு வரி விழலாம், அதுக்குள்ள அதை ஜிஜிப் பண்ணி சுருக்கிடக் கூடாதுங்கிறதுக்காக ஒரு சுத்து தள்ளிப்போடுறது.

காப்பிட்ரங்கேட்ல ஃபைலைக் காப்பி எடுத்துட்டு ஒரிஜினலை காலி பண்ணும். ஆப்புக்கு எதுவுமே சொல்ல வேண்டியதில்ல, அதான் எல்லாருக்கும் புடிச்சிருக்கு. ஆனா காப்பி முடிஞ்சு காலி பண்றதுக்கு நடுவுல இருக்கிற அந்த இத்தனூண்டு நேரத்துல எழுதின வரி காணாமப் போயிடும். 10 ஜிபி ஃபைலைக் காப்பி எடுக்க இன்னொரு 10 ஜிபி இடம் வேணும்ங்கிறதையும் மறந்துடாதீங்க, டிஸ்க் ஏற்கனவே தவிச்சுட்டு இருக்கிறப்ப காப்பாத்த வர்றவனே இன்னும் இடம் கேப்பான்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. ஆப், ஃபைலை அப்பெண்ட் (கடைசியில சேர்க்கிற) முறையில திறக்காம இருந்தா, உதாரணத்துக்கு ஷெல்ல ரெட்டை அம்புக்குறிக்குப் பதிலா ஒத்தை அம்புக்குறி போட்டு அவுட்புட்டைத் திருப்பி விட்டிருந்தா, காலி பண்ண பிறகும் அது தான் விட்ட இடத்துலேர்ந்துதான் எழுதும். 10 ஜிபிலேர்ந்து! ஃபைலோட முன்பக்கம் பூரா ஓட்டை. எல்எஸ்ல பாத்தா 10 ஜிபி, டியூல பாத்தா சில கேபி. உள்ள க்ரெப் பண்ணா (வார்த்தை தேடினா) "இது பைனரி ஃபைல்"னு சொல்லி மூஞ்சத் திருப்பிக்கும். லாகவுட் ஆனாலும் ஓடணும்னு நோஹப் போட்டு நோட் ஆப் ஓட்டுறவங்க ஒரு தடவை உங்க ஸ்டார்ட் ஸ்கிரிப்டைப் போய்ப் பாருங்க, ப்ளீஸ்.

என் அபிப்ராயம்: சிக்னல் புரிஞ்சுக்கிற ஆப்னா க்ரியேட், புரியாத ஆப்னா வேற வழியில்லாம காப்பிட்ரங்கேட்.

ஆப்பே தன் லாக்கை சுத்திக்கிட்டா நல்லதுதானே?

நல்லதுதான், ஒரே ப்ராசஸா ஓடினா. பைத்தான்ல ரொட்டேட்டிங் ஃபைல் ஹேண்ட்லர் வெச்சுக்கிட்டு கூனிகார்ன்ல (பைத்தான் ஆப்பை ஓட்டுற சர்வர்) நாலு ஒர்க்கர் ப்ராசஸ் ஓட்டினா நாலு பேரும் தனித்தனியா "சுத்த நேரம் வந்துடுச்சு"ன்னு முடிவு பண்ணி ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் மிதிப்பாங்க. பல ப்ராசஸ் ஒரே ஃபைல்ல எழுதுறதை பைத்தான் லாகிங் சப்போர்ட் பண்றதில்லன்னு அவங்க டாக்குமென்ட்லயே எழுதியிருக்கு. அதுக்குப் பதிலா வாட்ச்ட் ஃபைல் ஹேண்ட்லர் போட்டுட்டு சுத்துற வேலையை லாக்ரொட்டேட் கிட்ட விட்டுடுங்க, ஃபைல் மாறினா அது தானா கண்டுபிடிச்சு புதுசைத் திறந்துக்கும்.

பிஎச்பியோட லாராவெல் ஃப்ரேம்வொர்க்ல சிங்கிள் சேனல்னா ஒரே ஃபைல் முடிவே இல்லாம வளரும், டெய்லி சேனலுக்கு மாத்தினா வழக்கமா 14 நாள் வெச்சுட்டு பழசை அதுவே அழிச்சுடும். ஒரு வரி மாத்துற வேலை.

ஆப்பும் சுத்தி, லாக்ரொட்டேட்டும் சுத்துற கூத்து மட்டும் வேண்டாம். ஒருத்தர் பண்ணட்டும்.

நான் ஃபைலே எழுதறதில்ல, எல்லாம் எஸ்டிடிஅவுட்தான் (ஸ்கிரீன்ல வர்ற அவுட்புட்). அப்ப தப்பிச்சேனா?

ஃபைல் உங்க கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான். எங்கயோ யாரோ எழுதிட்டுத்தான் இருக்காங்க.

டாக்கர்னா, அதாவது ஆப்பை கன்டெய்னர்ங்கிற தனிப் பெட்டிக்குள்ள ஓட்டினா, நீங்க ஒண்ணும் செட் பண்ணலன்னா ஜேசன்-ஃபைல் டிரைவர்தான் ஓடும், அதுக்கு அளவு வரம்பே கிடையாது. கன்டெய்னர் உயிரோட இருக்கிற வரைக்கும் ஒரே ஃபைல் வளரும். மேக்ஸ்-சைஸ், மேக்ஸ்-ஃபைல் ரெண்டும் போடுங்க, இல்ல லோக்கல் டிரைவருக்கு மாறுங்க, அது 20 எம்பி வீதம் 5 ஃபைலுக்கு மேல வெச்சுக்காது. முக்கியமா, டாக்கர் டீமன் (பின்னாடி ஓடுற மெயின் ப்ரோக்ராம்) செட்டிங்கை மாத்தினா அது இனிமே உருவாக்குற கன்டெய்னருக்குத்தான் பொருந்தும். பழசு பழைய மாதிரியே வளரும், ரீஸ்டார்ட் பத்தாது, அழிச்சுட்டு மறுபடி உருவாக்கணும்.

லினக்ஸ்ல சர்வீஸ்களை ஓட்டுற சிஸ்டம்டி கீழ ஆப் ஓடினா, லாக் அதோட லாக் சேகரிக்கிற ஜர்னல்டிக்குப் போகும். அது கொஞ்சம் பொறுப்பான ஆள், ஃபைல் சிஸ்டத்துல 10 சதவீதம், அதுவும் 4 ஜிபிக்கு மேல போகாதுன்னு தானே ஒரு எல்லை வெச்சிருக்கு. ஆனா பொது சர்வர்ல இங்கதான் இடிக்குது. அந்த 4 ஜிபி எல்லாருக்கும் சேர்த்து. ஒரு வாயாடி ஆப் நிறுத்தாம பேசினா, அமைதியா இருக்கிற மத்தவங்களோட போன வார லாக்கெல்லாம் வெளில தள்ளப்பட்டுடும். உங்க ஆப் ஒரு தப்பும் பண்ணல, உங்க சாட்சியம் மட்டும் காணோம். இதுக்காகத்தான் 2020ல வந்த சிஸ்டம்டி 245லேர்ந்து லாக் நேம்ஸ்பேஸ்னு ஒண்ணு இருக்கு, ஆப்புக்கு தனி ஜர்னல் குடுக்கலாம். கேளுங்க, போட்டுத் தர்றேன். அப்புறம் ஒரு சர்வீஸ் வரம்பு மீறி (அடிப்படையா 30 செகண்டுல 10,000 மெசேஜ், டிஸ்க்ல காலி இடத்தைப் பொறுத்து கூடும்) அனுப்பினா மீதியை ஜர்னல்டி கொட்டிடும், "இத்தனை மெசேஜ் அடக்கப்பட்டது"ன்னு ஒரு வரி மட்டும் இருக்கும். அந்த வரியைப் பாத்தா என்னைக் கேக்காதீங்க, உங்க ஆப்பைக் கேளுங்க.

எந்த லெவல்ல லாக் வைக்கலாம்?

சிஸ்லாக் (யுனிக்ஸோட பழைய லாக் முறை) காலத்துலேர்ந்தே 0 முதல் 7 வரைக்கும் எட்டு லெவல், 0ன்னா வீடு பத்தி எரியுது, 7ன்னா டீபக். நடைமுறைல நமக்கு வேண்டியது எரர், வார்னிங், இன்ஃபோ மூணுதான். ப்ரொடக்ஷன்ல இன்ஃபோ போதும், நிறைய பேருக்கு வார்னிங்கே போதும்.

டீபக் ஆன் பண்ணவே கூடாதுன்னு சொல்லல. ஆன் பண்ணும்போதே எப்ப ஆஃப் ஆகணும்னு சேர்த்து செட் பண்ணுங்க, ஆட் கமாண்ட் வெச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு பழைய கான்ஃபிக் திரும்ப வர்ற மாதிரி பண்ணலாம், நான் அப்படித்தான் பண்றேன். என் ஞாபக சக்தி மேல எனக்கே நம்பிக்கை இல்ல. யூசர் தப்பான பாஸ்வேர்ட் போட்டதை எரர்னு எழுதாதீங்க, அது உங்க ஆப்போட எரர் இல்ல. ஒரு நாளைக்கு ஐயாயிரம் பொய் எரர் இருந்தா நிஜ எரரை யாரும் பாக்க மாட்டாங்க.

எக்சஸ் லாக்கை மொத்தமா ஆஃப் பண்ணிடவா?

வேண்டாம். சைட் ஹேக் ஆனா முதல்ல தேடுறது அதைத்தான். அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை வர்ற ஹெல்த் செக், படம், சிஎஸ்எஸ் இதையெல்லாம் வேணா எழுதாம விடலாம், எஞ்சின்எக்ஸ்ல எக்சஸ் லாக் வரியிலயே "இஃப்" போட்டு வடிகட்டிடலாம்.

லாக்ல எதையெல்லாம் எழுதக்கூடாது?

பாஸ்வேர்ட், டோக்கன், கார்டு நம்பர், ஓடிபி. "நான் ஏன் பாஸ்வேர்டை எழுதப்போறேன்"னு சிரிக்காதீங்க. 2018 மே மாசம் ட்விட்டர் தன்னோட 33 கோடி யூசருங்களையும் பாஸ்வேர்ட் மாத்தச் சொல்லி கேட்டுக்கிச்சு. காரணம், ஹாஷ் பண்ற (திரும்பப் படிக்க முடியாதபடி மாத்துற) வேலை முடியறதுக்கு முன்னாடியே பாஸ்வேர்ட் அப்படியே உள்ளுக்குள்ள ஒரு லாக்ல விழுந்துட்டு இருந்துச்சு. அவ்வளவு பெரிய டீமுக்கே அது நடந்திருக்கு. பெரும்பாலும் யாரும் வேணும்னு எழுதறதில்ல, "ரிக்வெஸ்ட் பாடி மொத்தத்தையும் லாக் பண்ணு"ன்னு ஒரு வரி இருக்கும், லாகின் ஃபார்மும் ரிக்வெஸ்ட்தானே.

யூஆர்எல்ல கேள்விக்குறிக்கு அப்புறம் வர்றதும் எக்சஸ் லாக்ல அப்படியே பதியும். பாஸ்வேர்ட் ரீசெட் லிங்க்ல டோக்கன் இருந்தா லாக்கைப் படிக்க முடியற யாரும் அந்த அக்கவுண்ட்டை எடுத்துக்கலாம். அதனால டோக்கன் ஒரு தடவைக்கு மேல செல்லாத மாதிரி, சீக்கிரம் காலாவதி ஆகற மாதிரி வைங்க.

இன்னொண்ணு, யூசர் அனுப்புறதை அப்படியே லாக்ல ஒட்டாதீங்க. பேர் போடுற இடத்துல ஒரு நியூலைன் வெச்சு அதுக்கு அப்புறம் "அட்மின் லாகின் வெற்றி"ன்னு எழுதி அனுப்பினா உங்க லாக்ல அது தனி வரியா, நிஜம் மாதிரியே உக்காரும். ஜேசன் ஃபார்மட்ல எழுதினா நியூலைன் எஸ்கேப் ஆயிடும் (வெறும் குறியா மாறிடும்), பாதி பிரச்சனை தீர்ந்துச்சு. மீதி பாதி எவ்வளவு மோசமா போகும்னு 2021 டிசம்பர்ல, ஜாவால லாக் எழுதுற லாக்4ஜே லைப்ரரி காட்டுச்சு. லாக் பண்ற ஸ்ட்ரிங்குக்குள்ள ஒரு ஜேஎன்டிஐ லுக்கப் (வெளிலேர்ந்து தேடி எடுக்கச் சொல்ற குறிப்பு) எழுதி, அதை யூசர் ஏஜென்ட்ல (பிரவுசர் தன் பேரைச் சொல்ற இடம்) வெச்சு அனுப்பினாலே போதும், சர்வர் போய் வெளிலேர்ந்து கோடை எடுத்துட்டு வந்து ஓட்டுச்சு. வெறும் லாக் எழுதினதுக்கு!

என் லாக்கை மத்த யூசருங்க படிக்க முடியுமா?

நீங்க எப்படி வெச்சிருக்கீங்கங்கிறதைப் பொறுத்தது. பர்மிஷன் ஃபைலுக்கு 640, ஃபோல்டருக்கு 750, அதாவது ஓனரும் குரூப்பும் மட்டும்தான் பாக்க முடியும், இது அடிப்படை. 644ல கிடந்தா சர்வர்ல அக்கவுண்ட் இருக்கிற நாப்பது பேரும் படிக்கலாம். 777 (யார் வேணா எதுவும் பண்ணலாம்) போட்டு "பர்மிஷன் பிரச்சனை சரியாயிடுச்சு"ன்னு சொல்றவங்களை நான் பாத்துட்டே இருக்கேன்.

அதைவிட மோசம் வெப் ரூட்டுக்குள்ளயே (வெப்சைட்டா வெளில காட்டுற ஃபோல்டர்) லாக்கை வைக்கிறது. அப்ப நாப்பது பேர் இல்ல, உலகமே படிக்கும். வேர்ட்பிரஸ்ல டீபக் லாக்கை சும்மா ஆன் பண்ணா டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டர்லதான் போய் உக்காரும், பேர் எல்லாருக்கும் தெரிஞ்ச பேர், பாட்டுங்க அதையேதான் தேடிட்டு அலையுது. (பாட்டுன்னா ரோபோ பாட், பாடுற பாட்டு இல்ல.) 5.1 வெர்ஷன்லேர்ந்து அந்த செட்டிங்ல ட்ரூன்னு போடாம நேரா ஒரு பாத் குடுக்கலாம், வெப் ரூட்டுக்கு வெளில குடுங்க.

"எஞ்சின்எக்ஸ் லாக் இருக்கிற ஃபோல்டர்ல எனக்கும் எழுத பர்மிஷன் குடுங்க"ன்னு கேக்குறாங்க, முடியாதுன்னா கோவம் வருது. காரணம் சொல்றேன். வெப் சர்வர் லாக்கை ரூட்டாத்தான் திறக்குது. அந்த ஃபோல்டர்ல நீங்க எழுத முடிஞ்சா, லாக் ஃபைலை எடுத்துட்டு அதே பேர்ல வேற ஃபைலுக்கு ஒரு சிம்லிங்க் (ஷார்ட்கட் மாதிரி) வெச்சுடலாம், ரூட் கையாலயே அந்த ஃபைல்ல எழுத வெச்சுடலாம். டெபியன் லினக்ஸ்ல எஞ்சின்எக்ஸ் பேக்கேஜ் லாக் ஃபோல்டரை இப்படித் திறந்து வெச்சிருந்ததால, சாதா வெப் யூசர்லேர்ந்து ரூட் ஆகுற ஓட்டை ஒண்ணு 2016ல வெளில வந்துச்சு, பாதுகாப்பு ஓட்டைப் பட்டியல்ல அதோட நம்பர் சிவிஇ-2016-1247. அதனால எக்சஸ் லாக்கைப் படிக்க மட்டும் குடுப்பேன், எழுத இல்ல.

எத்தனை நாள் லாக் வெச்சுக்கணும்?

இங்க 14 நாள், அதுல முந்தாநாளுக்கு முந்தினதெல்லாம் ஜிஜிப் ஆயிருக்கும். லாக்ல அதே வார்த்தையே திரும்பத் திரும்ப வர்றதால நல்லா சுருங்கும், பத்துல ஒரு பங்கு ஆகறது சாதாரணம்.

கார்டு பேமென்ட் சம்பந்தப்பட்ட ஆப்னா கதை வேற. பிசிஐ டிஎஸ்எஸ்ங்கிற கார்டு பாதுகாப்பு விதிப்படி ஆடிட் லாக்கை 12 மாசம் வெச்சிருக்கணும், கடைசி 3 மாசம் உடனே எடுத்துப் பாக்குற மாதிரி இருக்கணும். அதை இந்த டிஸ்க்ல வைக்காதீங்க, வெளில அனுப்புங்க. இன்னொரு பக்கம், ஐபி அட்ரஸ் கூட தனிப்பட்ட தகவல்தான்னு ஐரோப்பாவோட ஜிடிபிஆர் தனியுரிமைச் சட்டம் பாக்குது, அங்க யூசர் இருந்தா "இருக்கட்டும் எதுக்கும்"னு வருஷக்கணக்கா சேத்து வைக்கிறதும் தப்பாப் போகும்.

ரெண்டு ஜிபி லாக்கை எதுல திறக்கிறது? நேனோ எடிட்டர் தொங்குது.

தொங்காம என்ன பண்ணும், மொத்தத்தையும் மெமரில ஏத்தப் பாக்குது. அந்த மெமரியும் பொதுச் சொத்துதான். லெஸ் போடுங்க, வேண்டிய பக்கத்தை மட்டும் படிக்கும். ஜிஜிப் ஆனதைப் பிரிக்கவே வேண்டாம், இஸட்கிரெப், இஸட்லெஸ் நேரா உள்ள பாக்கும். ஹோம் ஃபோல்டர்ல பிரிச்சுப் போட்டுட்டு மறந்து போறவங்க ஒரு தனி ஜாதி.

லாக்கோட கடைசி வரிகளைக் காட்டுற டெயில்ல பெரிய எஃப் போடுங்க, சின்ன எஃப் வேண்டாம். சின்ன எஃப் திறந்த ஃபைலையே புடிச்சுட்டு இருக்கும், ராத்திரி லாக் சுத்தினதும் அது பழைய ஃபைலை வெறிச்சுப் பாத்துட்டு உக்காந்திருக்கும், நீங்க "எரரே வரல, எல்லாம் சரியாயிடுச்சு"ன்னு நினைச்சுப்பீங்க. பெரிய எஃப் பேரைப் பின்தொடரும்.

ஆப் லாக்ல ஒரு நேரம், எக்சஸ் லாக்ல வேற நேரம். எதை நம்புறது?

ஆப் ஒரு டைம்ஜோன்ல, சர்வர் ஒரு டைம்ஜோன்ல. எல்லாத்தையும் யூடிசில (உலகப் பொது நேரம்) எழுதுங்க, பாக்கும்போது மாத்திக்கலாம். நேரத்தை வெச்சு ரெண்டு லாக்கை ஒட்டவைக்கப் பாக்காம ரிக்வெஸ்ட் ஐடி பழகிக்கோங்க. எஞ்சின்எக்ஸ் 1.11.0லேர்ந்து ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் 32 எழுத்துல ஒரு ஐடி அதுவே போட்டுத் தருது, அதை ஹெட்டர்ல ஆப்புக்கு அனுப்பி அங்கயும் லாக் பண்ணா ஒரு க்ரெப்ல முழுக் கதையும் வந்துடும்.

ஒருத்தர் பண்ற தப்புக்கு எல்லாரும் மாட்டிக்காம நீங்க ஏதாவது பண்ண மாட்டீங்களா?

நியாயமான கேள்வி, மேல சொன்ன டீபக் லாக் கூத்துக்கு அப்புறம்தான் பண்ணேன், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். லாக் இருக்கிற வார்-லாக் ஃபோல்டர் இப்ப தனி பார்ட்டிஷன் (டிஸ்க்ல தனியா பிரிச்ச பகுதி), அது நிரம்பினா லாக் மட்டும்தான் நிக்கும், செஷனும் டேட்டாபேஸும் நிக்காது. ஒவ்வொரு ஆப் ஃபோல்டருக்கும் ப்ராஜெக்ட் கோட்டா (இட வரம்பு) இருக்கு. யூசர் கோட்டா ஏன் இல்லன்னா, அது ஃபைலோட ஓனர் யாருன்னு பாத்து கணக்கு போடும், வெப் சர்வர் எழுதுற லாக் ரூட் பேர்லயோ வெப் யூசர் பேர்லயோ இருக்கிறதால உங்க கணக்குல ஏறவே ஏறாது. ப்ராஜெக்ட் கோட்டா யார் எழுதினாலும் ஃபோல்டர் கணக்குல ஏத்தும். 80 சதவீதம் தாண்டினா உங்களுக்கும் எனக்கும் மெயில் வரும். அதை ஸ்பாம்ல தள்ளின ஆளுங்க யாருன்னு எனக்குத் தெரியும்.

நீங்க இல்லாத நேரத்துல டிஸ்க் 98 சதவீதம் ஆயிடுச்சு. நான் என்ன பண்ணட்டும்?

பதறி எதையும் ஆர்எம் பண்ணாதீங்க. முதல்ல டிஎஃப் போட்டு எந்த பார்ட்டிஷன்னு பாருங்க, கூடவே ஐநோடும். அப்புறம் உங்க ஃபோல்டர்ல டியூ போட்டு சார்ட் பண்ணுங்க, காரணம் நீங்கதானா இல்லையான்னு தெரிஞ்சுடும். நீங்கதான்னா, பெரிய லாக்கோட கடைசி ஆயிரம் வரியை டெயில் பண்ணி வேற பார்ட்டிஷன்ல எடுத்து வெச்சுக்கோங்க, என்ன ஆச்சுன்னு பின்னாடி பாக்க அது வேணும். அப்புறம் ஒரிஜினலை ட்ரங்கேட் பண்ணுங்க, லெவலை வார்னிங்குக்கு இறக்கி ஆப்பை ரீலோட் பண்ணுங்க. ஜிஜிப் பண்ணி இடம் சேமிக்கலாம்னு அந்த நேரத்துல முயற்சி பண்ணாதீங்க, சுருக்குன ஃபைலை முழுசா எழுதி முடிச்சாத்தான் பழசு போகும், அதுக்கே இடம் பத்தாது. நீங்க காரணம் இல்லன்னா, டிஎஃப், டியூ ரெண்டோட அவுட்புட்டையும் எனக்கு மெசேஜ் பண்ணுங்க, ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், டெக்ஸ்டா அனுப்புங்க.